சாத்தத்து மரத்தூளும் கிழிந்த தரையும்

அந்தமானின் சாத்தம் தீவிலுள்ள மர அறுவை ஆலைக்குள் நுழைகிறவர்களின் செருப்பில் முதலில் ஒட்டுவது மரத்தூள். படாக் மரம் அறுபடும் இடத்தில் தூள் செங்காவி நிறம். வெள்ளைச் சுக்லம் அறுபடும் இடத்தில் வெளிறிய மஞ்சள். குர்ஜன் தூளில் பிசின் வாசனை தூக்கலாக இருக்கும். 1883இல் தொடங்கிய அரசு ஆலை இது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரோடு ஒரு பாலம் இந்தக் குட்டித் தீவை இணைக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் குண்டு விழுந்த பள்ளத்தையும் வன அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இந்தத் தூள்தான் முக்கியமாகப் படுகிறது. பழுதான தரையை ஆற்றும் பொருள் பெரும்பாலும் அந்தத் தரையின் சொந்தத் தூளிலும் துண்டிலுமே இருக்கிறது என்பது என் கருத்து. மரத்தரைக்கு இது தச்சர்கள் வழிவழியாக அறிந்த செய்தி. லினோலியத்துக்கும் அதுவே பொருந்தும் என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

லினோலியத்தை பிளாஸ்டிக் என்று நினைப்பவர்கள் பலர். 1860களில் இங்கிலாந்தில் ஃப்ரெடெரிக் வால்டன் அதைக் கண்டுபிடித்தார். பெயின்ட் டப்பாவில் ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு ரப்பர் போன்ற ஆடையாக உறைவதைக் கவனித்ததில் பிறந்த யோசனை அது. ஆளிச்செடிக்கும் எண்ணெய்க்கும் உரிய லத்தீன் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர்தான் லினோலியம். உறைந்த எண்ணெயோடு மரப்பிசின், தக்கைத்தூள், மரத்தூள், சுண்ணக்கல் பொடி, நிறமி எல்லாம் கலந்து சணல் துணிமேல் அழுத்தினால் தரைவிரிப்பு தயார். அதாவது அதன் உடம்பில் கணிசமான பகுதி மரம். இன்று கடைகளில் லினோலியம் என்று கேட்டால் சுருட்டித் தருவது பெரும்பாலும் பி.வி.சி. வினைல் விரிப்பு. இரண்டையும் பிரித்தறிய ஓரத்தை வெட்டிப் பார்த்தால் போதும். லினோலியத்தில் நிறம் மேலிருந்து சணல் வரை ஒரே சீராக ஓடும். வினைலில் படம் மெல்லிய மேலடுக்கோடு நின்றுவிடும். பழுதுபார்ப்பின் முழுக் கணக்கும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

லினோலியத்தில் சிறு கீறலோ பள்ளமோ விழுந்தால், அதே விரிப்பின் மிச்சத் துண்டைக் கத்தியால் சுரண்டித் தூளாக்கி, மரப்பசையில் குழைத்து, பள்ளத்தில் அழுத்தி நிரப்பலாம். சுற்றிலும் டேப் ஒட்டிக்கொண்டால் நல்ல பகுதியில் பசை படாது. நன்றாகக் காய்ந்தபின் நைஸான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து மெழுகு பூச வேண்டும். ஓட்டை பெரிதென்றால் துண்டு வைப்பதே வழி. மாற்றுத் துண்டைப் பழுதின்மேல் வைத்து, பூவேலையோ கோடுகளோ பொருந்துமாறு நகர்த்தி, டேப்பால் அசையாமல் பிடித்து, இரண்டு அடுக்கையும் ஒரே வெட்டில் அறுக்க வேண்டும். ஒரே கத்தி ஒரே நேரத்தில் வெட்டியதால் துண்டும் குழியும் இழை பிசகாமல் பொருந்தும். அடியிலிருக்கும் பழைய பசையைச் சுரண்டி, புதிய பசை தடவி, துண்டை வைத்து, ஒரு நாள் முழுக்க பாரம் ஏற்றிவைக்க வேண்டும். வினைலுக்குத் தூள் உதவாது, துண்டு மட்டுமே. ஒரு எச்சரிக்கை: பல பத்தாண்டுகளுக்கு முந்தைய வினைல் தரையிலும் கரும்பசையிலும் கல்நார் கலந்திருக்க வாய்ப்புண்டு. அதை உலர்வாகத் தேய்க்கவோ பெயர்க்கவோ கூடாது.

இதே வேலையைப் படாக் பலகையில் செய்யும் தச்சர் வேறு என்ன செய்கிறார்? உளுத்த பகுதியை உளியால் சதுரமாக எடுத்து, இழை ஓட்டம் ஒத்த துண்டை இறக்கி, சந்தில் அதே மரத்தின் தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைக்கிறார். துண்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. படாக், நம் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் ஒரே பேரினத்து உறவு. ஒரே தடியிலிருந்து வந்த பலகைகளிலும் ரத்தச் சிவப்பு, ஆரஞ்சு, பழுப்பு என்று நிறம் மாறும். அறுவை ஆலையில் பலகையைக் கையில் எடுத்ததும் இது என்ன மரம், இழை நேராக ஓடுகிறதா திருகுகிறதா, ஈரம் இன்னும் இருக்கிறதா என்று சொல்லிவிடும் கண் ஆண்டுக்கணக்கில் பழகியது. அது எந்தக் கையேட்டிலும் அச்சாகாது. தமிழர், வங்காளியர், தெலுங்கர் என்று பலரும் குடியேறி வாழும் இந்தத் தீவுகளில் அந்தக் கண்ணே ஒரு பொதுச்சொத்து என்று நான் கருதுகிறேன்.

துண்டு ஒட்டிப் பழுதுபார்ப்பதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது ஈரம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் அந்தமானில் ஒட்டிய துண்டு எத்தனை நாள் நிற்கும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அதே ஈரம் புது விரிப்பையும் விடாது. அடியில் சிமெண்ட் தரை நீர் கசிந்தால் எந்தப் பசையும் விட்டுப்போகும். லினோலியத்துக்கு இன்னொரு கேடும் உண்டு. சிமெண்டிலிருந்து ஈரத்தோடு ஏறும் காரமும், தரை கழுவும் சலவைச் சோடாவும் அதன் எண்ணெயைச் சிதைக்கும். ஆகவே ஒட்டுவதற்கு முன்பு இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் நாற்புறமும் டேப் போட்டு ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். அடியில் நீர்த்துளி பூத்தால் முதலில் கசிவை நிறுத்த வேண்டும். புதிது வாங்குகிறவர் இந்தச் சோதனையைப் பெரும்பாலும் செய்வதில்லை. பழுது பார்க்கிறவர் தரையைத் திறந்தே ஆக வேண்டும் என்பதால் நோயின் மூலத்தையும் பார்த்துவிடுகிறார். பழுதுபார்ப்பை நான் உயர்வாக மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

வினைல் மலிவு, தச்சர் கூலி அதிகம், துண்டு வைக்கச் செலவிடும் காசில் புதிதே வந்துவிடும் என்பது அடுத்த வாதம். வினைலைப் பொறுத்தவரை சில சமயம் அது உண்மை, மறுக்கவில்லை. மரத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தமானில் மரம் வெட்டுவதைத் தீவுவாசிகளின் உண்மையான தேவைக்கு என்று சுருக்கியது. வெளியே அனுப்புவதையும் தடுத்தது. காட்டையும் அதில் வாழும் பழங்குடியினரையும் எண்ணினால் சரியான ஆணை. அதன்பின் ஒவ்வொரு படாக் பலகையும் எளிதில் திரும்பக் கிடைக்காத பொருள். கைப்பிடி நீளத் துண்டுகூட ஒரு வீட்டுத் தரையின் ஆயுளைக் கூட்டும் என்றால், அறுவையில் மிஞ்சும் துண்டையும் தூளையும் மர வகை பிரித்து, பழுதுபார்க்கும் தச்சர்களுக்கும் வீட்டாருக்கும் சிறு பொட்டலங்களாகக் கொடுக்கலாம். துண்டைப் பார்த்து வகை பிரிக்க இந்த ஆலைத் தொழிலாளர்களைவிடத் தகுதியானவர்கள் தீவில் வேறு யார்?

ஒட்டுத் தெரியும், அழகு கெடும் என்ற குறையும் உண்டு. அது பெரும்பாலும் அவசரத்தால் வருவது. புதிதாக அறுத்த படாக் செக்கச்சிவந்திருக்கும். வெளிச்சம் படப்பட அது அடங்கிப் பழுப்பாகும். அதனால் பழைய தரைக்கு வைக்கும் துண்டு முதலில் சற்றே சிவப்பாக இருப்பதுதான் சரி. இன்றே நிறம் ஒத்துப்போனால் சில மாதங்களில் அது தரையைவிடக் கறுத்து நிற்கும். லினோலியத்தில் இது தலைகீழ். பீரோவுக்கு அடியில் வெளிச்சம் காணாமல் கிடந்த துண்டில் ஒரு மஞ்சள் பாவியிருக்கும். சன்னலோரம் சில நாள் வெயில் வெளிச்சத்தில் கிடத்தினால் அது தானே விலகும். வெட்டுவதற்கு முன்பு அந்தச் சில நாள் பொறுக்க வேண்டும்.