பிலத்து வாசலில் ஒரு வீடு

வண்டி நின்றதும் முதலில் வந்தவர்கள் சிறுவர்கள். கேட்டது ஒரே கேள்விதான்: ''ஹீரோ எவரு?''

கேள்வியில் தப்பில்லை. படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வைத்த வண்டியென்றால் தென்னிந்தியாவில் அது நடிகர்களுக்கானது. 'கேரவன்' என்ற சொல்லே படப்பிடிப்புத் தளத்திலிருந்துதான் தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் அறிமுகம். ஆனால் இந்தக் கேரவனின் கதவைத் திறந்து இறங்கியவர், பெங்களூரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற, வழுக்கைத் தலை மனிதர். பின்னால் முழங்காலைப் பிடித்தபடி அவர் மனைவி. அதற்கும் பின்னால், கையில் டார்ச்சுடன் பத்து வயதுப் பேரன். சிறுவர்கள் ஏமாற்றத்தோடு கலைந்தார்கள்.

இடம், ஆந்திர மாநிலம் நந்தியாலா மாவட்டத்தின் பேலம் குகை. பெங்களூரிலிருந்து சுமார் 270 கி.மீ. தேவனஹள்ளி, சிக்கபள்ளாப்பூர், பாகேபள்ளி கடந்து ஆந்திரத்துக்குள் நுழைந்து, பெனுகொண்டா மலைக்கோட்டையைப் பார்த்தபடி அனந்தபூர் வரை அகலமான தேசிய நெடுஞ்சாலை. அதன்பின் தாடிபத்ரி வழியாகக் குறுகலான சாலை, சிமெண்ட் லாரிகள், எங்கும் பழுப்புப் புழுதி. காரில் போகிறவர்கள் ஒரே நாளில் போய்த் திரும்ப முயன்று நொந்துபோவதுண்டு. இந்தத் தம்பதியர் இரண்டு இரவு தங்கத் தீர்மானித்திருந்தார்கள்.

பெங்களூரில் இப்படிப்பட்ட வண்டிகளை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் சில இருக்கின்றன. டெம்போ டிராவலர் போன்ற வண்டியின் உடம்பைப் பிரித்து, உள்ளே வீடு கட்டியிருப்பார்கள். பெரும்பாலும் ஓட்டுநரோடுதான் தருவார்கள். வாடகை ஒன்றும் மலிவல்ல. அந்தப் பணத்துக்கு நல்ல ஓட்டலில் தங்கலாமே என்று மகன் அமெரிக்காவிலிருந்து போனில் கணக்குப் போட்டுக் காட்டினான். அம்மா கொடுத்த பதில் கணக்கில் அடங்காதது: ''உனக்கு என்னடா தெரியும்? ரோட்ல ஒரு வாய் தண்ணி குடிக்கணும்னா நான் யோசிக்கணும்.''

நெடுஞ்சாலைப் பயணத்தில் பெண்கள், அதிலும் வயதான பெண்கள், தண்ணீர் குடிக்கப் பயப்படுவது யாரும் எழுதிவைக்காத விதி. பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை இருக்கும். சில இடங்களில் பூட்டியிருக்கும், சில இடங்களில் பூட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும். குந்தி உட்கார முடியாத முழங்காலுக்கு அதுவும் பயன்படாது. திருப்பதிக்குப் போவதைக்கூட இந்த அம்மாள் ஐந்து வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தார். கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபின் அவருக்கும் வெளியூர் என்றால் தயக்கம். மகன் வீட்டுக்குப் போனபோது கென்டக்கி மாநிலத்தின் மம்மத் குகைப் பூங்காவில் நடமாடும் வீடுகள் வரிசையாக நிற்பதையும், தாத்தா பாட்டிகள் அதன் முன்னால் நாற்காலி போட்டுக் காபி குடிப்பதையும் பார்த்தார்கள். அன்று முளைத்த ஆசை.

அங்கே தண்ணீர் பிடிக்க ஒரு குழாய், கழிவைக் கொட்ட ஒரு தொட்டி என்று எல்லாவற்றுக்கும் ஏற்பாடு உண்டு. பேலத்தில் கேரவன் திடல் எதுவும் கிடையாது. குகைக்கு அருகில் ஆந்திர சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி இருக்கிறது. அதன் வளாகத்தில் வேப்ப மரத்தடியில் நிறுத்த அனுமதி கேட்டு, ஒரு அறைக்கும் பணம் கட்டினார்கள். அறையில் ஓட்டுநர் படுத்துக்கொண்டார். வண்டிக்கு வீடு என்று பெயர் வைத்தவர்கள், அதை ஓட்டி வருகிறவர் எங்கே தூங்குவார் என்று யோசிக்க மறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை, டிகாக்ஷன் காபி, எலுமிச்சம்பழ சாதம், பிறகு குகை.

வெளியிலிருந்து பார்த்தால் அங்கே குகை இருப்பதே தெரியாது. மலை கிடையாது. சமதரையில் கிணறுபோலப் பள்ளங்கள். அதில் ஒன்றில் படிக்கட்டு இறங்குகிறது. 'பிலம்' என்ற சொல்லிலிருந்தே பேலம் வந்தது என்கிறார்கள். பாட்டிக்கு இது போதுமானதாக இருந்தது. சீதையைத் தேடிப் போன அனுமனும் வானரங்களும் பிலத்துக்குள் புகுந்து இருட்டில் வழி தெரியாமல் தவித்த கிஷ்கிந்தா காண்டத்துக் கதையைப் படியிறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். பேரன் டார்ச்சை அணைத்துப் பார்த்தான்.

வானரங்களுக்கு இல்லாத வசதிகள் இங்கே உண்டு. 1884-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் இந்தக் குகையைப் பற்றிக் குறிப்பெழுதினார். சுமார் நூறு ஆண்டு கழித்து, 1982-83ல், டேனியல் கெபாயர் தலைமையில் வந்த ஜெர்மானியக் குழு உள்ளே தவழ்ந்து அளந்தது. மொத்த நீளம் 3,229 மீட்டர். இடையில் இது அக்கம்பக்கத்தார் குப்பை கொட்டும் பள்ளமாகவும் இருந்திருக்கிறது. குப்பையை அள்ளி, சேற்றை வாரி, விளக்குப் போட்டு, 2002-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இப்போது சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடக்கலாம். மேலிருந்து காற்றை உள்ளே தள்ளும் குழாய்களும் உண்டு. அவை இல்லாவிட்டால் கஷ்டம். வெளியே மார்கழி, உள்ளே இறங்கிய பத்து நிமிடத்தில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

கூரையிலிருந்து ஆலம் விழுதுகள்போல் தொங்கும் கற்கள், படமெடுத்த ஆயிரம் நாகங்கள்போல் ஒரு விதானம், தட்டினால் ஓசையெழுப்பும் கல் தூண்கள், சமணரும் பௌத்தரும் தங்கியதாகச் சொல்லப்படும் தியான மண்டபம். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணைப் பறிக்கும் விளக்குகள் இல்லாமலே இதெல்லாம் அழகாக இருந்திருக்கும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, சுண்ணாம்புக் கல்லின் விரிசல்களில் இறங்கி, லட்சக்கணக்கான ஆண்டுகளில் கல்லைத் தின்று உண்டாக்கிய தாழ்வாரங்கள் இவை. பாட்டி சுவரைத் தடவிப் பார்த்தார். ''இது நம்ம வீட்டு அடுப்பு மேடைக் கல்லு மாதிரின்னா இருக்கு!'' அவர் சொன்னது சரி. தமிழர் வீடுகளில் சமையல் மேடையாகவும் அலமாரித் தட்டாகவும் கிடக்கும் கடப்பா கல்லும் இந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்தான். எலுமிச்சம்பழம் பட்டால் அந்த மேடை வெளுத்துப்போவதைப் பார்த்த யாருக்கும் இந்தக் குகை எப்படி உண்டானது என்று விளக்கத் தேவையில்லை.

பாதாள கங்கைக்குத்தான் சோதனை. தரைமட்டத்திலிருந்து சுமார் 46 மீட்டர் ஆழத்தில், வற்றாத ஒரு சிறு ஓடை. கடைசிப் படிகள் குறுகல், வழுக்கல். திட்டம் முழுவதையும் போட்டவர் தாத்தா. மருந்து அட்டவணை, மைல் கணக்கு, எந்த மண்டபத்தில் எவ்வளவு நேரம் என்பதுவரை நோட்டில் எழுதியிருந்தார். மனைவியின் முழங்கால் எங்கே மறுக்குமோ என்று இரண்டு மாதம் கவலைப்பட்டவர் அவர். படிக்கட்டுக்கு முன்னால் மூச்சு வாங்கி, காற்றுக் குழாயின் அடியில் உட்கார்ந்துவிட்டவரும் அவரே.

''நான் இங்கேயே இருக்கேன். நீ பார்த்துட்டு வா.''

''நீங்க இல்லாம நான் எதுக்குங்க?''

''போயிட்டு வாம்மா. ஒருத்தராவது பார்க்கணும்.''

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, பேரன் முன்னால் போக, அவர் இறங்கினார். திரும்ப இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. கணவர் அதற்குள் மூன்று முறை எழுந்து எட்டிப் பார்த்திருந்தார். ''தண்ணி இவ்வளவுதான் இருக்கு'' என்று விரலால் அளவு காட்டினார் மனைவி. ''ஆனா ஓடிண்டே இருக்கு. எங்கேயோ உள்ள போயிடறது.'' பக்கத்துக் கிராமத்துக் கிணற்றுக்குப் போவதாக ஊரில் நம்பிக்கை என்று பேரன் சேர்த்துக்கொண்டான், வழிகாட்டி சொன்னதாம்.

மறுநாள் காலை இன்னொரு வேலை காத்திருந்தது. வண்டிக் கழிப்பறையின் கழிவு, வெளிப்பக்கத்துச் சிறு கதவைத் திறந்து உருவும் ஒரு பெட்டியில் சேர்கிறது. நிரம்பினால் யாராவது எடுத்துப் போய்க் கொட்ட வேண்டும். ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துப்புரவுப் பணியாளரைக் கூப்பிடட்டுமா என்றார். கேரவன் சுற்றுலாவுக்கு மத்திய அரசு கொள்கை வகுத்துப் பல ஆண்டு ஆகிறது. கேரளம் 2021-ல் தனித் திட்டமே அறிவித்தது. கொள்கைகள் நெடுஞ்சாலையெங்கும் கொட்டும் தொட்டியாக மாறும்வரை இந்தக் கேள்வி யாராவது ஒருவர் தலையில்தான் விழும்.

''நம்ம வீட்டுது. நாமதான் எடுக்கணும்'' என்றார் ஓய்வு பெற்ற அதிகாரி. விடுதி மேலாளரிடம் அனுமதி வாங்கி, லுங்கியை மடித்துக் கட்டி, பெட்டியைத் தானே தூக்கிப் போய் விடுதிக் கழிப்பறையில் கவிழ்த்துக் கழுவிக்கொண்டு வந்தார். ஸ்டென்ட் வைத்த மனிதர் பாரம் தூக்குவதை மனைவி பார்த்து, மறுபக்கக் கைப்பிடியைத் தான் பிடித்துக்கொண்டார். நேற்றைய சிறுவர்களில் இரண்டு பேர் மதில் மேல் உட்கார்ந்து இதை முழுதும் கவனித்தார்கள்.

புறப்படும்போது வெயில் ஏறியிருந்தது. பெங்களூருக்கு ஆறு மணி நேரமாவது ஆகும். அந்த அம்மாள் பாட்டிலைத் திறந்து, நிதானமாக, பாதிக்கு மேல் குடித்துவிட்டு மூடினார்.