முரசு ஓய்ந்த பிறகு

தமிழ்நாட்டில் கோடை விடுமுறை வந்தால் போதும், சுவர்களில் 'எழுப்புதல் கூட்டம்' போஸ்டர்கள் முளைத்துவிடும். மூன்று நாள் பந்தல், இன்னிசைக் குழு, பிரபல பிரசங்கியார். தேதி, நேரம், இடம் எல்லாம் முன்கூட்டியே அச்சாகிவிடுகிறது. எழுதல் தன்வினை, எழுப்புதல் பிறவினை. ஒருவர் தூங்க வேண்டும், இன்னொருவர் வந்து எழுப்ப வேண்டும். தூங்குவது சபை, எழுப்புகிறவர் பரிசுத்த ஆவியானவர் என்பது திருச்சபை தரும் விளக்கம். போஸ்டரில் என்னவோ அந்த இடத்தில் பிரசங்கியாரின் படம்தான் இருக்கிறது.

இதே சங்கதிக்கு மிசோ மொழியில் 'ஹர்னா' என்று பெயர். விழித்துக்கொள்ளுதல். இது தன்வினை. தேதி குறித்து வரவழைக்க முடியாதது என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மிசோரம் மக்களில் 87 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள் என்கிறது 2011 கணக்கெடுப்பு. லுஷாய் மலை என்று அழைக்கப்பட்ட அதே பகுதியில் 1901ல் எடுத்த கணக்கில் 82 ஆயிரம் மக்களில் கிறிஸ்தவர்கள் வெறும் 45 பேர். மிஷனரிகளின் பள்ளிக்கூடமும் மருந்தும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். ஆனால் மிசோக்களைக் கேட்டால் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஹர்னாவைத்தான் சொல்வார்கள்.

கதை வெகு தூரத்தில், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் தொடங்குகிறது. 1904 அக்டோபர் கடைசியில் ஈவான் ராபர்ட்ஸ் என்ற 26 வயது இளைஞர், சுரங்கத்தில் வேலை பார்த்தவர், தன் ஊர்க் கோவிலில் சில வாலிபர்களைக் கூட்டி ஜெபிக்க ஆரம்பித்தார். சில மாதங்களில் ஒரு லட்சம் பேர் மனம் திரும்பியதாகச் சொல்லப்பட்டது. சாராயக் கடைகள் காலியாயின. சுரங்கத்தில் வண்டி இழுத்த குதிரைகள் முதலாளிகளைத் திண்டாட வைத்தன என்று ஒரு கதை உண்டு. தொழிலாளிகள் கெட்ட வார்த்தை பேசுவதை நிறுத்திவிட, அந்த வார்த்தைகளுக்கே பழகியிருந்த குதிரைகளுக்கு உத்தரவு புரியவில்லையாம். கதை எவ்வளவு நிஜமோ, அதை மக்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்பது கவனிக்கத்தக்கது. எழுப்புதலுக்கு அவர்கள் தேடிய அத்தாட்சி கோவிலுக்குள் இல்லை, சுரங்கத்தில் இருந்தது. ராபர்ட்ஸோ 1906க்குள் உடலும் மனமும் களைத்து ஒதுங்கினார். பெரும்பாலும் வெளிச்சத்துக்கு வராமலே வாழ்ந்து 1951ல் இறந்தார்.

அந்த வேல்ஸ் சபையின் மிஷனரிகள் 1841லிருந்தே காசி மலையில் இருந்தார்கள். லுஷாய் மலைக்கு 1897ல் வந்தார்கள். ஊரில் நடப்பது கடிதங்கள் வழியே மலைக்கு வந்தது. 1905ல் காசி மலைச் சபைகளில் அழுகையும் பாட்டுமாகக் கிளம்பியது. கேள்விப்பட்ட மிசோக்கள் பத்துப் பேர் 1906ல் காசி மலையின் மைராங் ஊரில் நடந்த சபை மாநாட்டுக்குக் கால்நடையாகவே போனார்கள். காடும் மலையுமாகப் பல நாள் நடை. பார்த்தார்கள், திரும்பினார்கள். ஐஸ்வாலில் கூட்டங்கள் நடந்தன. ஒன்றும் நடக்கவில்லை.

ஏப்ரல் 9. வெளியூரிலிருந்து வந்திருந்த சிலரை வழியனுப்ப ஒரு சின்னக் கூட்டம். வழியனுப்பும் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோதுதான் அது நேர்ந்தது. பாட்டு முடியவில்லை. திரும்பத் திரும்பப் பாடினார்கள், அழுதார்கள், தங்கள் தவறுகளை வாய்விட்டுச் சொன்னார்கள். ஏற்பாடு செய்த கூட்டங்களில் வராதது, எல்லாம் முடிந்து மூட்டை கட்டும் நேரத்தில் வந்தது.

எல்லோரும் ஒரேயடியாக மாறிவிட்டார்கள் என்று நினைத்தால் தவறு. எதிர்ப்பும் பாட்டாகவே வந்தது. 1908 வாக்கில் 'பூமா' என்று முடியும் ஒரு பாட்டு காட்டுத்தீயாகக் கிராமம் கிராமமாகப் பரவியது. கிறிஸ்தவப் பாட்டைப் பரிகசித்து அதே மெட்டுகளில் விருந்தும் ஆட்டமும் நடந்தன. கிறிஸ்தவர்கள் சில கிராமங்களில் அடிபட்டார்கள், துரத்தப்பட்டார்கள். அந்த வேகத்தை நிறுத்தியது பிரசங்கம் அல்ல, பஞ்சம். அந்த மலைகளில் ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மூங்கில் மொத்தமாகப் பூக்கும். காயைத் தின்று எலிகள் பெருகும். மூங்கில் தீர்ந்ததும் எலிகள் நெல்லுக்கு வரும். மௌதாம் என்று பெயர். 1911ல் வந்த மௌதாம் ஊரையே காலி செய்தபோது யார் விருந்து வைப்பது, யார் ஆடுவது?

அதற்கு ஓராண்டு முன்னால், 1910ல், சபைப் பெண்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பது. 'பூஃபாய் தாம்' என்கிறார்கள். நம்மூர்ப் பிடியரிசிதான். வாரம் ஒருமுறை பெண்கள் வீடு வீடாகச் சென்று வாங்கிச் சேர்த்து விற்று, பணத்தைச் சபையிடம் கொடுப்பார்கள். இன்றும் நடக்கிறது. ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் வருகிறது. எழுப்புதலைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆட்டத்தையும் அழுகையையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்த அரிசியை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். உணர்ச்சி வருகிறது, போகிறது. தினம் இரண்டு வேளை, நூறு வருஷத்துக்கு மேலாக அரிசிப் பானையில் கை வைப்பது வேறு காரியம்.

1919ல் மூன்றாவது அலை வந்தது. இதில்தான் மிசோ சபையின் முகம் மாறியது. அதற்கு முன் மிசோக்களின் 'குவாங்' என்ற முரசுக்குக் கோவிலில் இடமில்லை. அரிசி மதுவான 'சூ' குடித்து ஆடும் விருந்துகளில் ஒலித்த வாத்தியம் அது. பழைய வாழ்க்கையை விட்டவர்கள் முரசையும் விட வேண்டும் என்பது விதி. பாட்டுகள் வேல்ஸிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த மெட்டுகள், வார்த்தை மட்டும் மிசோ. 1919க்குப் பிறகு முரசு உள்ளே வந்தது. யாரும் தீர்மானம் போட்டு அழைத்து வரவில்லை. ஆடுகிறவர்களுக்குத் தாளம் வேண்டியிருந்தது. பாத்தேயா, கம்லாலா போன்ற கவிஞர்கள் தங்கள் மெட்டில், தங்கள் மொழியின் பழைய கவிதைச் சொற்களை எடுத்துப் பாட்டுக் கட்டினார்கள். துக்க வீட்டில் இரவு முழுக்க முரசோடு சேர்ந்து பாடும் 'லெங்காம் சாய்' வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. 1921 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் 27 ஆயிரத்தைத் தாண்டி, நாலில் ஒருவருக்கு மேல் ஆனார்கள். வெள்ளைக்காரர் கொண்டுவந்த மதம் என்ற பேச்சு அதன்பின் எடுபடவில்லை. அனல் மூட்டுவது மட்டும்தான் எழுப்புதலின் வேலை என்றால் 1906லேயே அது முடிந்துவிட்டது. சொந்தமாக்கிக்கொள்வது என்றால் 1919தான் உண்மையான எழுப்புதல்.

சொந்தமாக்கிக்கொண்டதற்கு விலையும் இருந்தது. பர்மா எல்லை அருகே கெல்காங் கிராமத்தில் 1937ல் எழுந்த அலை எல்லை மீறியது. தரிசனங்கள், அந்நிய பாஷைகள், தீர்க்கதரிசனங்கள். வயலில் பாடுபட வேண்டாம், உணவு மேலிருந்து வரும் என்ற பேச்சு கிளம்பியது. மலை விவசாயத்தில் ஒரு பருவம் தவறினால் அடுத்த வருஷம் பட்டினிதான். ஆங்கிலேய சூப்பரின்டெண்டெண்ட் மெக்கால் சிப்பாய்களோடு போய்த் தலைவர்களைக் கைது செய்தார். அரசு இதில் தலையிட்டது சரியா என்று மிசோக்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வயலைக் கைவிடச் சொன்னது சரியா என்பதில் அவ்வளவு வாதம் இல்லை. அன்றிலிருந்து சபைத் தலைவர்களுக்கு ஒரு சங்கடம். எழுப்புதல் வேண்டும் என்று வருஷம் தவறாமல் ஜெபிக்க வேண்டும், வந்தால் கட்டுக்குள் வைக்க வேண்டும். கட்டுக்குள் இருக்க மாட்டோம் என்றவர்கள் தனிச் சபைகளாகப் போனார்கள்.

வேல்ஸில் சட்டம் போடாமலே சாராயக் கடைகள் காலியாயின. மிசோரமில் சபை சட்டத்தைத் தேடிப் போனது. 1997 பிப்ரவரியில் முழு மதுவிலக்கு அமலானது. 2015ல் கடைகள் திறந்தன, 2019ல் மூடின. இதற்கிடையே பர்மா எல்லை வழியாக ஹெராயின் வந்தது. வயது வந்தோரில் எச்.ஐ.வி. தொற்று 2.7 சதவீதம். நாட்டிலேயே இதுதான் அதிகம், தேசிய சராசரி 0.2 சதவீதம். கோவிலுக்குப் போகாத குடும்பம் அரிதான ஒரு மாநிலத்தில் இப்படி. சபை இதிலிருந்து ஓடவில்லை. போதையிலிருந்து மீள விரும்புகிறவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இல்லங்கள் நடத்துகிறது. அங்கே வேலை செய்கிறவர்கள்தான் இன்று விழித்திருப்பவர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

விழித்தவர் கண்ணுக்கு யார் தெரிகிறார் என்பது இன்னொரு கேள்வி. பர்மாவின் சின் மக்கள் மிசோக்களின் ரத்த உறவினர், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், பிழைப்புக்காக ஐஸ்வால் வந்தவர்கள். 2003 ஜூலையில் ஒரு சிறுமி பலாத்காரம் செய்யப்பட்டதாகப் பர்மாக்காரர் ஒருவர் மேல் புகார் எழ, குற்றத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கானவர்கள் எல்லைக்கு அப்பால் விரட்டப்பட்டார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அதே சின் மக்கள் டியாவ் ஆற்றைக் கடந்து ஓடி வந்தார்கள். உள்ளே விடாதீர்கள் என்று டெல்லி கடிதம் எழுதியது. முடியாது, இவர்கள் எங்கள் சகோதரர்கள் என்ற பொருளில் முதல்வர் சோரம்தங்கா பிரதமருக்குப் பதில் எழுதினார். 30 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கோவில்களும் வாலிபர் சங்கங்களும் அரிசி, துணி, கூரை கொடுத்தன. அந்த 18 வருஷத்தில் எந்த மாநாடும் எந்தப் பிரசங்கியாரும் இதற்கென்று எழுப்புதல் கூட்டம் நடத்தவில்லை.

ப்ரூ மக்களின் விஷயம் வேறு. மேற்கு மிசோரமில் வாழ்ந்த பழங்குடியினர். பேச்சு வேறு, இனம் வேறு. கிறிஸ்தவர்களும் உண்டு, இந்துக்களும் உண்டு. மதுவிலக்கு வந்த அதே 1997ல், அக்டோபர் மாதம், ப்ரூ தீவிரவாதிகள் மிசோ வனக் காவலர் ஒருவரைக் கொன்றார்கள். அடுத்து நடந்த கலவரத்தில் 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட ப்ரூக்கள் திரிபுராவுக்கு ஓடினார்கள். முகாம்களில் 22 வருஷம் இருந்தார்கள். திருப்பி அழைக்கும் முயற்சிகளில் சில ஆயிரம் பேரே திரும்பினார்கள். 2020 ஜனவரியில் மத்திய அரசு, இரு மாநில அரசுகள், ப்ரூ பிரதிநிதிகள் நால்வரும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி 600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வீட்டுமனை, வீடு கட்டப் பணம், இரண்டு வருஷத்துக்கு ரேஷன், வாக்குரிமை. எல்லாம் திரிபுராவில்.