காத்து வாங்கப் போன கார்

வால்பாறைக்குப் போகிறவர்கள் பொதுவாக மூன்று விஷயங்களை எண்ணுவார்கள். கொண்டை ஊசி வளைவுகள் (40), குரங்குகள் (எண்ணி முடியாது), பின் சீட்டில் வாந்தி எடுத்தவர்கள் (வெளியே சொல்லக் கூடாது). நாலாவதாகக் கவனிக்க வேண்டிய ஒன்று டிரைவருக்கு நேரெதிரே இருக்கிறது. அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. டெம்பரேச்சர் முள்!

பொள்ளாச்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு அணை வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே சுகமான சாலை. செக்போஸ்ட்டையும் கவியருவியையும் (பலருக்கு இன்னமும் அது குரங்கு அருவிதான்) தாண்டியதும் சாலை மலைமேல் தொற்றிக்கொள்கிறது. இரண்டாவது கியர், முதல் கியர், மறுபடி இரண்டாவது. இன்ஜின் மூச்சு முட்ட உழைக்கிறது. ஆனால், வண்டி ஊர்வதால் ரேடியேட்டரில் எதிர்க்காற்று அவ்வளவாகப் படுவதில்லை. மார்ச் 31-ம் தேதி அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஃபேனை நிறுத்தினால் எப்படி இருக்கும்? அதே நிலைமை!

இதில் மலையின் குசும்பு வேறு. உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். 300 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி குறையும். சுமார் 3,500 அடி உயரத்தில் உள்ள வால்பாறையில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம்மைக் காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடிதான். குக்கர் வெயிட் மாதிரி அழுத்தத்தைப் பிடித்து வைத்து, 110 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்க விடாது.

போன வருஷம் நண்பரின் பழைய காரில் நாலு பேர் கிளம்பினோம். முந்தின வாரம்தான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டர் ஹோஸ்களை மாற்றியிருந்தார். ஏழாவது வளைவில் முள் எகிறியது. எட்டில் இறங்கியது. மறுபடி எகிறியது. சென்செக்ஸ்கூட இவ்வளவு ஆடாது! ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் காட்சி முனையில், பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது.

நண்பர் ஒரு கையில் வாட்டர் பாட்டிலோடு பானெட்டைத் தூக்கினார். இன்னொரு கை மூடியை நோக்கிப் போனது.

"சார்... கையை எடுங்க!"

எஸ்டேட் ஜீப் டிரைவர் ஒருவர் ஓடிவந்து நண்பரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். ஒன்றும் பேசாமல் தன் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வழவழவென்று சுருங்கியிருந்தது.

"இப்படித்தானுங்க நானும் ஒருநாள் தொறந்தேன். மூடியை விட்டதுமே உள்ள இருக்கற தண்ணி பூரா பொங்கி மேல அடிச்சிருமுங்க."

நண்பர் கையைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பாறை விளிம்பில் ஒரு வரையாடு நின்று, ஆடிட்டர் மாதிரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஹீட்டரைப் போட்டுப் பாத்தீங்களா?" என்றார் டிரைவர். ஏறும்போதே போட்டிருந்தோம். ஜில்லென்று காற்று வந்தது.

"அப்ப சந்தேகமே இல்லீங்க. இன்ஜின் சுடுது, ஹீட்டர் சுடலைன்னா அங்க தண்ணி போகலைன்னு அர்த்தம். உள்ள காத்து நிக்குதுங்க. ஹோஸ் மாத்துனவன் ஏர் எடுக்காம உட்டுட்டான்."

பி.காம். மூளைக்கு உடனே புரிந்தது. கணக்கில் ரொக்கம் இருக்கிறது, பெட்டியில் காற்றுதான் இருக்கிறது! லெவல் பார்த்தால் நிறைந்த மாதிரி தெரியும். ஆனால், வழியில் அடைத்து நிற்கும் காற்று தண்ணீரைச் சுற்ற விடாது.

மூடி தொட்டால் சுடாத அளவுக்கு ஆறியதும் வேலை ஆரம்பமானது. வண்டியின் மூக்கு மேடு பார்த்து நிற்க, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார். காற்று மேலேதானே ஏறும்? துணியைப் போட்டு மூடியை மெதுவாகத் திறந்தார். தெர்மோஸ்டாட் பக்கத்தில் இருந்த சின்னத் திருகைத் தளர்த்திவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். புஸ்... புஸ்... என்று நுரையாக வந்தது. நுரை நின்று நூல் மாதிரி சுத்தமாகத் தண்ணீர் வந்ததும் திருகை முடுக்கினார்.

பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். துணியைச் சுற்றி மேல் ஹோஸைப் பிசைய, குபுக் குபுக்கென்று குமிழ்கள். தண்ணீர் இறங்க இறங்க ஊற்றினார். எல்லாமாக ஒன்றரை லிட்டர் குடித்தது! குமிழ் நின்று, ஹீட்டரில் அனல் வந்ததும் மூடியைப் போட்டார். ரேடியேட்டர் ஃபேன் ஓடி, தானாக நின்றது. முள் நடுவில் உட்கார்ந்தது.

"இதுக்கப்புறமும் குமிழ் நிக்காம வந்திருந்தா ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு அர்த்தமுங்க. மேல் ஹோஸ் கொதிச்சு, கீழ் ஹோஸ் ஜில்லுனு இருந்தா தெர்மோஸ்டாட்டோ, அடைப்போ. கீழ இறங்குனதும் முறையா கூலன்ட் ஊத்திருங்க. வெறும் தண்ணி துருப்பிடிக்கும்."

பணம் நீட்டினோம். வாங்கவில்லை. அட்டகட்டியில் எங்களோடு ஒரு டீ மட்டும் சாப்பிட்டார்.

மலைக்குக் கிளம்புகிறவர்களே... காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போதே லெவலைப் பாருங்கள். ஏறும்போது முள் எகிறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரைப் போட்டு, ஓரங்கட்டுங்கள். ஹோஸ் மாற்றிய மெக்கானிக்கிடம், "ஏர் எடுத்தாச்சாண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும். ஒன்பதாவது வளைவில் வரையாடு முறைப்பதற்கு அது எவ்வளவோ மேல்!