தகரத்துக்குக் கீழே

அக்குறணையில் ஏப்ரலிலும் விடியச்சாமம் போர்வை தேடுகிறவள் நான். 2024இல் பெருநாள் முடிந்த கையோடு வண்ணாத்திவில்லுக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சாச்சியின் மகளுக்குப் பிள்ளை கிடைத்து நாற்பதும் முடிந்துவிட்டது. எப்படிப் போகாமல் இருப்பது?

குருநாகலில் பஸ் மாறிப் புத்தளம் போய், அங்கிருந்து எழுவன்குளம் போகும் பாதையில் வடக்கே இன்னொரு பஸ். மண் செங்கல் பொடியைப் போலச் சிவந்து கிடக்கிறது. இருபுறமும் மரமுந்திரிகையும் முட்பற்றையும். மேற்கே களப்பு இருக்கிறது, பாதையில் இருந்து பார்த்தால் தெரியாது. பின்னேரம் காற்று வரும்போதுதான் பக்கத்தில் தண்ணீர் இருப்பது விளங்கும்.

நான் இறங்கியது நண்பகல். ஏப்ரல் 5 முதல் 14 வரை சூரியன் இலங்கையின் ஒவ்வொரு ஊருக்கும் நேர் உச்சியில் வந்து போகிறது. வண்ணாத்திவில்லுக்கு 10ஆம் திகதியளவில். அந்த முறை வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. என் நிழல் என் காலடியிலேயே ஒடுங்கிக் கிடந்தது.

வீட்டுக்குள் போனால் நிம்மதி என்று நினைத்தேன். வாசலைத் தாண்டியதும் அப்பச்சட்டி மூடியைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. மின்விசிறி சுழன்றது, வந்தது சுடுகாற்று. சுவர்த்தட்டில் கரண்ட் போனால் கொளுத்த வைத்திருந்த மெழுகுதிரி வில்லாக வளைந்திருந்தது. பிள்ளையும் தங்கச்சியும் உள்ளே இல்லை. பின்வளவு வேப்பமரத்தின் கீழ் பாய் விரித்து, ஏணையும் கட்டி, மாமியோடு அங்கே குடியிருந்தார்கள்.

அந்தத் தகரக் கூரையைப் போடச் சொன்னதே நான்தான். 2016இல் நாங்கள் நாலைந்து பேர் காசு சேர்த்து அனுப்பினோம். அதுவரை கிடுகுக் கூரை. மழைக்கு முன் வருடா வருடம் மாற்ற வேண்டும், ஒழுகும், நெருப்புப் பயம் வேறு. “இந்தக் காலத்தில் யார் ஓலையில் இருக்கிறார்கள்?” என்று பெரிய மனுசி போல நான் பேசியது எனக்கே நினைவிருக்கிறது.

மாமி முசலிப் பக்கத்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு வந்தவர். புத்தளம் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் வருடக்கணக்காகக் கிடுகுக் கொட்டில்களில் காலம் தள்ளின. 2007இல் உலக வங்கியின் உதவியோடு வீடமைப்புத் திட்டம் வந்தபிறகே பலர் கல்வீடு கண்டார்கள். அதனால் ஓலையைப் பற்றி மாமி இனிப்பாகப் பேசுகிறவர் அல்ல. “பாம்பும் வரும், தேளும் வரும் மகள். ஆனா சூடு வராது,” என்றார். அவ்வளவுதான்.

இரவு தங்கச்சி மெதுவாகச் சொன்னாள். இரண்டு கிழமைக்கு முன் லுஹருக்குப் பிறகு மாமி உள்ளே மயங்கி விழுந்திருக்கிறார். உடம்பு கொதித்ததாம், பேச்சும் குழறியதாம். ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். பிரஷர் குளிசைகளில் சில உடம்பின் தண்ணீரை வெளியேற்றும் வகை. வெயில் நாட்களில் அதை டொக்டரிடம் சொல்லிக் கேட்க வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள், தாமாக நிறுத்தவும் கூடாதாம். “நீங்க போட்டுத் தந்த கூரை, மனசு நோகும் என்று சொல்லல்ல ராத்தா.” எனக்கு நித்திரை வரவில்லை. வெட்கத்துக்கும் ஒரு சூடு உண்டு.

வளிமண்டலவியல் திணைக்களம் இந்த மாதங்களில் வடமேல் மாகாணத்துக்கு வெப்ப எச்சரிக்கை விடுகிறது. வெப்பமானி 33 பாகை காட்டும்போது ஈரப்பதன் 70 வீதம் இருந்தால், உடம்பு உணர்வது ஏறக்குறைய 43 பாகை. வியர்வை காயாததே காரணம். அதுவும் நிழலில் உள்ள கணக்கு. தகரமோ வெயிலைக் குடித்துத் தானே அடுப்பாகிக் கீழே இருப்பவர் தலையில் இறக்குகிறது. ஓலைக்குள் காற்று அடைபட்டிருக்கும், அது சூட்டைக் கீழே விடாது. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் வழமையைவிட 1,300க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். அதன்பின் அந்த நகரம் 2013இல் வெப்பத்துக்கென்றே ஒரு செயல்திட்டம் போட்டது. ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையும் பின்னர் தொடங்கியது. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்.

நான் வெள்ளைப் பெயின்ற் என்றேன். மாமி வேறு சொன்னார். தகரத்தின் மேல் குறுக்கே கம்பு கட்டி, இடைவெளி விட்டு, அதன்மேல் கிடுகு போட வேண்டும். இடைவெளியால் காற்று ஓடும், ஓலையின் சூடு தகரத்தைத் தொடாது. காற்றுக்குப் பறக்காமல் கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும். ஒக்டோபர் மழைக்கு முன் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈர ஓலை தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். நெருப்புப் பயத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அடுப்பை வெளிக்கொட்டிலுக்கு மாற்றியாகிவிட்டது, அதுவும் கூரையில் இருந்து தள்ளி, என்றார். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறார், யாரும் கேட்கத்தான் இல்லை.

அடுத்த நாள் காலை கிடுகுக்கும் கம்பிக்கும் காசு கொடுத்தேன். இந்த முறை மாமியின் கையில்.

பத்து நாளில் தங்கச்சி போன் எடுத்தாள். கட்டி முடித்துவிட்டார்களாம். பகலில் பிள்ளை உள்ளேதான் தூங்குகிறதாம். மாமி மட்டும் இன்னும் வேப்பமரத்துக்குக் கீழேதான். “பழகிப்போச்சு,” என்கிறாராம்.