ஊர் சுற்றும் வேனும் நகர்ந்து போன துறைமுகங்களும்

வேனுக்குள்ளேயே ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, முடிந்தால் ஒரு குட்டிக் கழிப்பறை. இதை ஓட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஊர் சுற்றுகிறவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏராளம். நம் பக்கமும் இந்த ஆசை மெல்ல எட்டிப் பார்க்கிறது. கேரள அரசு 2021ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. (கேரவன் என்றால் ஷூட்டிங் இடைவேளையில் நடிகர்கள் போய் உட்காரும் வண்டி என்றுதான் இங்கே பலருக்கு இன்னும் ஞாபகம் வரும்!)

இப்படி ஒரு வருடம் சுற்றிவிட்டு வந்தவர்கள் எழுதுவதைப் படித்தால் ஒன்று புரியும். அவர்களுக்கு மிகவும் பிடித்துப் போவது பெரும்பாலும் போஸ்ட் கார்டில் வரும் இடங்கள் அல்ல. வழியில் டீ குடிக்க இறங்கிய ஊர், இருட்டிவிட்டதே என்று ஒதுங்கிய கடற்கரை, யாரோ வாய்வழியாகச் சொன்ன ஒரு கிணறு... இந்த மாதிரிதான். சுற்றுலா பஸ் நிற்காத இடத்தில் நிற்கிற வசதி வேன்காரருக்கு உண்டு. ராத்திரிக்கு லாட்ஜ் தேட வேண்டாம், காலை 6 மணிக்கு "எல்லாரும் வந்தாச்சா?" என்று தலையை எண்ண வேண்டாம்.

அப்படி நின்று நின்று போகிறவருக்கென்றே ஒரு கரை இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் முத்துக்குளித்துறைக் கரை. வேகமாக ஓட்டினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தாண்டிவிடலாம். தாண்டினால் நஷ்டம் தாண்டியவருக்குத்தான்.

இந்தப் பக்கத்துக்கு வந்த மெதுவான பயணிகளில் முக்கியமானவர் ராபர்ட் கால்டுவெல். 1841ல் சென்னையிலிருந்து கிளம்பி, நீலகிரி வரை சுற்றிக்கொண்டு, பெரும்பாலும் நடந்தே இடையன்குடி வந்து சேர்ந்தார். மாதக்கணக்கில் ஆனது. வழியில் ஜனங்கள் பேசும் தமிழைக் காதால் கேட்டுக்கொண்டே வந்த மனிதர், 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினார் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அவர் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தவர் என்பதுதான் பலருக்குத் தெரியாது. அதைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்.

தெற்கிலிருந்து வந்தால் முதலில் உவரி. கப்பல் மேல் விமானம் நிற்கிற மாதிரி கட்டிய ஒரு மாதா கோயில் அங்கே உண்டு. குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கிருந்து சீக்கிரம் கிளம்ப முடியாது. அடுத்து மணப்பாடு. கடலுக்குள் மூக்கை நீட்டியது போல ஒரு மணல்மேடு, அதன் உச்சியில் 1581ல் எழுந்த திருச்சிலுவைக் கோயில். கீழே புனித சவேரியார் தங்கிய குகை என்று ஒன்றைக் காட்டுவார்கள். அவர் இந்தக் கரைக்கு வந்தது 1542ல். சாயங்காலம் அந்த மேட்டில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் அலை அடிக்கும் கடல், இன்னொரு பக்கம் அசையாத உப்பங்கழி. நடுவில் மணல் மட்டும்தான்.

பக்கத்திலேயே குலசேகரன்பட்டினம். இதுவரை தசராவுக்குப் பேர் போன ஊர். காளி வேஷமும் குரங்கு வேஷமும் போட்டவர்கள் பஸ்ஸில் சீட் பிடித்து உட்கார்ந்திருப்பதை அந்த நாட்களில் சர்வ சாதாரணமாகப் பார்க்கலாம். இப்போது ராக்கெட்டும் சேர்ந்துகொண்டது. 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு இங்கே அடிக்கல் நாட்டினார்கள். காரணம் ரொம்ப எளிமையானது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகிற ராக்கெட் இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். வளைவதற்கு எரிபொருள் செலவு. சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் நேராகக் கடல்தான்!

வண்டியைக் கொஞ்சம் மேற்கே திருப்பினால் தேரி. தமிழ்நாட்டுக்குள் செக்கச்செவேலென்று ஒரு பாலைவனம் இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். குதிரைமொழித் தேரியின் மணல் மேடுகளைப் பார்த்த பிறகு நம்புவார்கள். மணல்துகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. காற்றடிக்கும் மாதங்களில் இந்த மணல் இடம் மாறும். அதைப் பிடித்து நிறுத்துவதற்கு மனிதர்கள் கண்ட வழி பனையும் முந்திரியும். இந்தத் தேரிகளில் கற்காலத்து மனிதர்கள் செதுக்கிய சின்னஞ்சிறு கல் ஆயுதங்கள் கிடைத்திருக்கின்றன. ஆல்சின், சாய்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956ல் இவற்றைப் பற்றி எழுதினார்கள். மணலுக்கு நடுவே சுனையும், சுனையை ஒட்டி அய்யனார் கோயிலும் இருக்கும். தேரியில் வண்டியை மட்டும் இறக்கிவிடாதீர்கள். டயர் புதைந்தால் டிராக்டர்தான் கதி.

திருச்செந்தூரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் ஊறும் நாழிக்கிணற்றைப் பார்த்துவிட்டு மேலே போவோம்.

காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ மழை கொட்டியது. சென்னைக்கு ஒரு வருடத்தில் பெய்வதே 140 செ.மீ சுற்றிதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண் உறைக்கும். தாமிரபரணி கரை மீறி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணையே வெள்ளம் கொண்டுபோய்விட்டது. பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் தங்கள் வீடுகளிலும் தண்ணீர் நின்றபோதே அந்தப் பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள்.

இந்த ஆறு மண்ணைக் கொண்டுபோவது ஒன்றும் புதிதில்லை. இந்தக் கரையின் மொத்தக் கதையும் அதில்தான் இருக்கிறது.

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் புன்னைக்காயல். வண்டி மெனக்கெட்டு உள்ளே போக வேண்டிய மீனவர் ஊர். அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் அழைக்கப்பட்ட போர்ச்சுக்கீசியப் பாதிரியார் என்றிக் என்றிக்கஸ் பல வருடங்கள் வாழ்ந்த ஊர் இது. 1578 அக்டோபரில் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. 16 பக்கம்தான். இந்திய எழுத்து ஒன்றில் இந்தியாவில் அச்சடித்து, இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய புத்தகம் அதுதான். அச்சுச் செலவுக்குக் கைகொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். சும்மாவா? முத்துக் குளித்த காசு தமிழ் எழுத்தாக மாறியிருக்கிறது. கணினியில் தமிழ் தட்டச்சு செய்கிற யாரும் ஒருமுறையாவது வந்து நிற்க வேண்டிய ஊர்.

ஆற்றைத் தாண்டி வடக்கே வந்தால், முக்காணிப் பக்கம் ஏரல் சாலையில் திரும்பி, வயல்களும் வாழைத் தோட்டங்களுமாகப் போகும் வழியில் கொற்கை. பாண்டியனின் பெரிய துறைமுகம், கிரேக்க மாலுமிகள் 'கொல்கி' என்று குறித்து வைத்த பட்டினம் இதுவா என்று திகைப்பாக இருக்கும். கடலைக் காணோம்! கடல் இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு குளம், ஒரு சின்னக் கோயில், 2000 வருடம் பழையது என்று ஊரார் சொல்லும் வன்னிமரம். அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிவது.

கால்டுவெல் வந்தபோதும் இவ்வளவுதான் இருந்தது. ஆனால் அவர் ஊர்ப் பெயர்களைக் காதில் போட்டுக்கொண்டார். பக்கத்திலேயே 'அக்கசாலை' என்று ஓர் இடம். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். இன்னொன்று மாறமங்கலம். மாறன் என்பது பாண்டியன் பெயர். தோண்டிப் பார்த்தார். மேலே ஆறு கொண்டுவந்த வண்டல், கீழே கடல்மணலும் சிப்பியும் சங்கும். கடல் இங்கே இருந்திருக்கிறது, ஆறு மண்ணைக் கொட்டிக் கொட்டி அதை விரட்டியிருக்கிறது என்று அவருக்குப் புரிந்துபோனது. 1881ல் வெளியான அவருடைய திருநெல்வேலிச் சரித்திரத்தில் இதெல்லாம் இருக்கிறது. பிற்பாடு 1968-69ல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தது. கிடைத்த கரியின் காலக்கணிப்பு கி.மு. 785 என்று வந்தது. 2021ல் திரும்பவும் தோண்டினார்கள்.

துறைமுகம் என்ன ஆனது? கடலைத் தேடி அதுவும் கிளம்பிவிட்டது. கொற்கையிலிருந்து கடல் விலகியதும் வணிகமெல்லாம் கிழக்கே காயலுக்கு இடம்பெயர்ந்தது. 1290களில் மார்க்கோ போலோ 'கயில்' என்று வியந்து எழுதிய நகரம் அதுதான். அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கிய இடம். இன்று அதன் பெயர் பழையகாயல். திருச்செந்தூர் சாலையில் பஸ் ஒரு நிமிடம் நின்று போகும் ஊர். ஆறு விடவில்லை, காயலையும் தூர்த்துவிட்டது. கடல் மறுபடி கிழக்கே போக, துறைமுகம் புன்னைக்காயலுக்குப் போனது. அதுவும் ஆற்றின் வாயில்தானே, எத்தனை நாள் தாங்கும்? கடைசியில் ஆற்றை விட்டு வடக்கே விலகி இருந்த தூத்துக்குடிக்கு வந்து நின்றது. ஊரே மூட்டை முடிச்சோடு மூன்று முறை இடம் மாறிய கணக்கு.

பழையகாயல் வெட்டவெளியில் கால்டுவெல் செய்த வேலைதான் எல்லாவற்றிலும் அழகு. நடந்த இடமெல்லாம் சீனப் பீங்கானின் உடைந்த துண்டுகள், அரபு நாட்டு மட்பாண்டச் சில்லுகள். குனிந்து குனிந்து பொறுக்கினார். மார்க்கோ போலோ சொன்ன கயில் எது என்று ஐரோப்பாவில் பண்டிதர்கள் வரைபடத்தை வைத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, இவர் கையில் ஆதாரம் இருந்தது. அதே ஊரில் இப்போது அணு உலைகளுக்கு வேண்டிய ஜிர்கோனியம் தயாரிக்கும் அரசு ஆலை நிற்கிறது.

தூத்துக்குடிக்குள் வேன் நுழைந்ததும் எல்லாரும் கேட்பது "முத்து எங்கே கிடைக்கும்?" என்பதுதான். வேடிக்கை என்னவென்றால், முத்து நகரில் முத்துக்குளிப்பு நின்று 60 வருடம் தாண்டிவிட்டது. கடலடியில் சிப்பிகள் விளையும் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். குளிப்பவர் ஒரு கல்லைக் காலில் கட்டிக்கொண்டு இறங்குவார், மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவர் கையில் அவர் உயிர் இருக்கும். ஒரு நிமிடம் போல மூச்சடக்கிச் சிப்பிகளை அள்ளி வலைப்பையில் போட வேண்டும். சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரவாதிகள் வருவார்கள் என்றும், கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு என்றும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். கிரேக்கக் குறிப்பில் இன்னும் கொடுமை: கொற்கையில் முத்தெடுக்கத் தண்டனைக் கைதிகளைத்தான் இறக்கினார்களாம்.

சிப்பி விளைந்த வருடம் கரையில் ஓலைக்கொட்டகையாலேயே ஒரு நகரம் முளைக்கும். எதிர்க்கரையில் மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் 1905ல் அப்படி முளைத்த ஊரில் கடைத்தெரு, ஆஸ்பத்திரி, நீதிமன்றம் எல்லாம் இருந்தன. சுமார் 5,000 பேர் கடலில் குளித்தார்கள். எடுத்த சிப்பி 8 கோடிக்கு மேல்! சில வாரத்தில் ஊரும் காணாமல் போனது, அடுத்த சில வருடங்களில் சிப்பியும் காணாமல் போனது. தூத்துக்குடிப் பக்கம் 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசி. அதன் பிறகு பார்கள் கொழிக்கவில்லை. 1973ல் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் செயற்கையாக முத்து விளைவித்துக் காட்டினார்கள். ஆனாலும் கடைகளில் 'தூத்துக்குடி முத்து' என்று கேட்டு வாங்குகிறவர்கள் அது எங்கே விளைந்தது என்று ஒரு வார்த்தை விசாரிப்பது நல்லது.

ஆக, வேன்காரர் முத்தைத் தேடாமல் தோணியைத் தேட வேண்டும். பழைய துறைமுகத்தில் மரத்தோணிகளைப் பார்க்கலாம். வெங்காயம், காய்கறி, ஜல்லி, செங்கல் என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிறவை. இங்கே கரையோரக் கடல் ஆழமில்லாததால் ஒரு காலத்தில் பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளியே நிற்கும். சரக்கை ஏற்றி இறக்கியதெல்லாம் தோணிகள்தான். 1974ல் பெரிய துறைமுகம் வந்த பிறகும் தோணிக்காரர்கள் தொழிலை விடவில்லை. பஜாரில் முந்திரியும் முட்டை வெள்ளைக் கருவும் சர்க்கரையும் சேர்த்த மக்ரூன் வாங்கிக்கொள்ளுங்கள். வேனில் ஏசி இல்லை என்றால் சீக்கிரம் தின்றுவிடவும், நமுத்துப்போகும்.

கடலுக்குள் தீவுகளும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறைகளை வெட்டிய வருடங்களின் விளைவாக, தூத்துக்குடிக்கு அருகே இருந்த விலாங்குசல்லித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. வான்தீவு கரைந்துகொண்டே வந்ததைப் பார்த்து, அலையைத் தடுக்கக் கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்கிவைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, ஒரு விடியற்காலை திரேஸ்புரம் கடற்கரையில் வேனை நிறுத்தினால், முத்துக்குளித்தவர்களின் தொழில் வாரிசுகளைப் பார்க்கலாம். இவர்கள் எடுப்பது சங்கு. வங்காளத்தில் கல்யாணப் பெண்கள் கையில் போடும் வெள்ளை வளையல் இந்தச் சங்கை அறுத்துச் செய்வதுதான். கல்லும் கயிறும் போய், இப்போது படகில் கம்ப்ரசர் ஓடுகிறது. அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். மணிக்கணக்கில் கீழேயே இருக்கலாம் என்பது வசதி. ஆனால் அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டி மூட்டு முடங்கும், சில சமயம் உயிரும் போகும். மேலே படகில் கம்ப்ரசரையும் குழாயையும் பார்த்துக்கொள்ள ஒருவர் உட்கார்ந்திருப்பார். அன்றைக்குக் கயிறு பிடித்தவருக்கும் இதே வேலைதான்.