வெள்ளைப் பாதையில் மூன்று மாதங்கள்

நுவரெலியாவுக்குப் போய் வந்தவர்கள் அங்குள்ள குளிரைப் பற்றிப் பேசக் கேட்டிருப்பீர்கள். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அதிகாலை வேளையில் அங்கே புல் நுனியில் வெள்ளையாய் உறைபனி படிந்திருக்கும். வெயில் ஏறியதும் அது இருந்த இடம் தெரியாமல் போய்விடும். நானும் அதைத்தான் பனி என்று எண்ணியிருந்தேன். கனடாவில் வாழும் என் மகளிடம் ஒரு டிசம்பரில் போய் இறங்கி, மார்ச் வரை தங்கியிருந்த பிறகுதான் பனி என்பது வேறு என்று விளங்கியது.

மகளின் வீடு ரொறன்ரோ நகரின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில் இருக்கிறது. "இந்தக் குளிரில் வீட்டுக்குள் இருக்க வேண்டியதுதானே, வெளியே என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "உம்மா, குளிர் அஞ்சு மாசம் இருக்கும். அஞ்சு மாசமும் பிள்ளைகளை உள்ளே பூட்டி வைக்க ஏலுமா?" என்றாள் மகள். அங்குள்ளவர்கள் அப்படிப் பூட்டி வைப்பதும் இல்லை. பனிக்காலத்துக்கென்றே உடுப்பு, பனிக்காலத்துக்கென்றே சப்பாத்து, பனிக்காலத்துக்கென்றே டயர்!

ஆம், டயர். நம் வாகனங்களில் நாம் போடும் டயர் குளிரில் மரத்துக் கட்டை போல் இறுகிவிடும். வெப்பம் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினாலே அதன் பிடிமானம் குறையத் தொடங்கும். பனிக்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் மென்மையாகவே இருக்கும். அதன் பக்கவாட்டில் ஒரு மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்திருப்பார்கள். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இதைப் பூட்டாமல் கார் ஓட்டுவது சட்டப்படி குற்றம். மகள் இருக்கும் ஒன்ராறியோவில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனாலும் நவம்பரிலேயே நான்கு சக்கரங்களையும் மாற்றிவிட்டேன் என்றாள். நான்கும் மாற்ற வேண்டும். முன்னிரண்டை மட்டும் மாற்றினால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்க் கார் பம்பரமாய்ச் சுற்றிவிடுமாம்.

டிசம்பர் விடுமுறையில் ஒருநாள் வடக்கே பரி நகரத்துப் பக்கம் போய், பிள்ளைகளைப் பனிச்சறுக்குப் பலகையில் சறுக்க விட்டு வருவதாக ஏற்பாடு. ரொறன்ரோவில் இருந்து 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் சுமார் 100 கிலோ மீற்றர். மருமகனுக்கு வேலை. மகள்தான் ஓட்டினாள். நான், எட்டு வயதுப் பேத்தி, ஒன்றரை வயதுப் பேரன் ஆகிய மூவரும் பிரயாணிகள்.

புறப்படும்போதே எனக்கும் மகளுக்கும் சண்டை. பேரனுக்கு நான் பஞ்சு வைத்த தடித்த கோட்டை மாட்டி, தலைக்குத் தொப்பி வைத்து, மூட்டை போல் கட்டிக் கொண்டுவந்தேன். மகள் அவனை வாங்கி, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, மெல்லிய சட்டையோடு குழந்தை ஆசனத்தில் வைத்துப் பட்டியை இறுக்கினாள். பிறகு பட்டிக்கு மேலே போர்வையைப் போர்த்தினாள். எனக்கு நெஞ்சு பதறியது. "மைனஸ் பன்னிரண்டில் பச்சைப் பிள்ளையின் கோட்டைக் கழற்றுகிறாயே, நீயும் ஒரு தாயா?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. பரி போய்ச் சேரும்வரை நானும் அவளோடு பேசவில்லை.

காரை எடுப்பதற்கு முன் அவள் செய்த வேலைகளை மட்டும் முறைத்துக்கொண்டே கவனித்தேன். முன் கண்ணாடியில் ஒரு சிறு வட்டத்தை மட்டும் சுரண்டிவிட்டுப் புறப்படும் அவசரக்காரர்கள் அங்கேயும் உண்டு. மகள் எல்லாக் கண்ணாடிகளையும் துடைத்தாள். விளக்குகளைத் துடைத்தாள். கூரை மேல் கிடந்த பனியையும் முழுதாகத் தள்ளினாள். தள்ளாவிட்டால், பிரேக் பிடிக்கும்போது அந்தப் பனி அப்படியே சரிந்து முன் கண்ணாடியை மூடிவிடும். எண்ணெய்த் தாங்கி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. டிக்கியில் ஒரு சிறு சவல், ஒரு பை மணல், டோர்ச் லைட், இரண்டு கம்பளிகள், மெழுகுப் பையில் சுற்றிய ரொட்டி. நான் என் பங்குக்குப் பெரிய பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன்டீ ஊற்றி வைத்தேன். அன்று நான் செய்த ஒரே புத்தியான காரியம் அதுதான்.

போகும்போது வானம் நீலமாகவே இருந்தது. நெடுஞ்சாலையில் நீல விளக்கு மின்ன மின்னப் பனி தள்ளும் பெரிய வண்டிகள் படிக்கட்டு வரிசைபோல் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மகள் அவற்றின் பின்னால் நிதானமாகவே வந்தாள். முந்தவில்லை. அந்த வண்டிகளுக்கு முன்னால் இருக்கும் வீதி பனி மூடியது, பின்னால் இருப்பது துப்புரவானது. அப்படியிருக்க எதற்கு முந்த வேண்டும்? வீதிக்கு உப்பும் தூவுவார்கள். குளிர் மைனஸ் 18க்குக் கீழே போனால் உப்பு வேலை செய்யாது என்பதால் மணல் தூவுவார்கள்.

பரியில் பிள்ளைகள் அனுபவித்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! மேடு ஒன்றும் பெரிதில்லை. நம் ஊர்ப் பாடசாலை மைதானத்து வரம்பைப் போல் இரண்டு மடங்கு இருக்கும். பேத்தி பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கீழே பறந்தாள். தலைக்குக் கவசம் உண்டு. அவளுடைய முந்தானைத் தலைப்பை மகள் கோட்டுக்குள் செருகிவிட்டாள். தொங்கும் துணி பலகையில் சிக்கினால் கழுத்தை இறுக்கும். பர்தா அணியும் நமக்கு இதை யாரும் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணி ஈரமானால் சூட்டை எல்லாம் உறிஞ்சிவிடும் என்பதால், தலைக்கு உட்புறம் மெல்லிய கம்பளித் துணி கட்டுவதே நல்லது. என் அபாயாவின் கரை பனியில் இழுபட்டு நனைந்து, பிறகு உறைந்து தகரம்போல் சத்தம் போட்டது. மறுநாளே கணுக்காலுக்கு மேல் மடித்துத் தைத்துக்கொண்டு, உள்ளே கம்பளிக் காற்சட்டையும் நீள பூட்சும் போட்டேன்.

நானும் ஒரு தடவை சறுக்கினேன். வயது ஐம்பத்தெட்டு. இதற்கு மேல் கேட்க வேண்டாம்.

லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு, மூன்று மணிக்குத் திரும்பினோம். டிசம்பர் கடைசியில் அங்கே மாலை 4.45க்கெல்லாம் மஃரிப். நெடுஞ்சாலைக்கு வர ஒரு கிராமத்து வீதியால் கொஞ்ச தூரம் வர வேண்டும். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் நின்றது. அதற்குள் நுழைந்தோம். பொனட்டின் நுனிகூடத் தெரியவில்லை.

இது அந்தப் பிரதேசத்துக்கே உரிய சங்கதி. மேற்கே ஜோர்ஜியன் குடா என்ற மாபெரும் நீர்ப்பரப்பு இருக்கிறது. டிசம்பரில் அது இன்னும் உறைந்திருக்காது. வடமேற்கில் இருந்து வரும் கடுங்குளிர்க் காற்று அந்தத் தண்ணீரின் மேல் வீசி, அதன் சூட்டையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு வந்து கரை ஏறியதும் பனியாகக் கொட்டிவிடும். அதுவும் நாடா நாடாவாகக் கொட்டும். சில கிலோ மீற்றர் அகலமுள்ள நாடாவுக்குள் உலகமே வெள்ளை. அதற்கு வெளியே வெயில்.

மகள் எக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தாள். பிரேக்கை மிதிக்கவில்லை. ஆனாலும் வளைவில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் கிடந்தது. பின்சக்கரங்கள் வலப்பக்கம் வழுக்கின. அவள் தான் போக வேண்டிய திசையையே பார்த்து, மெதுவாக அந்தப் பக்கமே வளைத்தாள். கார் நேரானது. ஆனால் வீதியின் விளிம்பு எது என்று தெரியாததால் முன் சக்கரம் சரிந்து, ஒரு குலுக்கலோடு வீதியோரக் கானுக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

பேரன் வீரிட்டு அழுதான். திரும்பிப் பார்த்தேன். ஆசனத்தில் பட்டி அவனை அப்படியே பிடித்து வைத்திருந்தது. நான் மாட்டிய அந்தத் தடித்த கோட்டோடு இருந்திருந்தால்? மோதும்போது கோட்டின் பஞ்சு நசுங்கி, பட்டி தளர்ந்து, பிள்ளை வெளியே வீசப்பட இடமுண்டாம். இதை மகள் பிறகுதான் சொன்னாள். சண்டை போட்ட வேளையில் சொல்லியிருந்தால் நான் காது கொடுத்திருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

இழுவை வண்டிக்குத் தொலைபேசியில் சொன்னோம். இரண்டு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். வரும் வழியில் ஒரு வீட்டின் விளக்கைப் பார்த்த ஞாபகம் எனக்கு. "நான் மெல்ல நடந்து போய் உதவி கேட்டு வாறேன்" என்று கதவில் கை வைத்தேன்.

"உம்மா, இறங்க வாணாம்! பத்து அடி போனா கார் எங்கே இருக்குதுன்னு உங்களுக்கே தெரியாது."

என்னை இருக்கச் சொல்லிவிட்டு, அவள் காரில் ஒரு கையை வைத்தபடியே பின்பக்கம் போய், சவலால் புகைக் குழாயைச் சுற்றி இருந்த பனியை அள்ளி எறிந்தாள். உள்ளே வந்து, காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினாள். மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட விட்டு, சூடேறியதும் நிறுத்தினாள். ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் இறங்கிப் போய்க் குழாயைப் பார்த்து வந்தாள். குளிரில் பிள்ளைகள் நடுங்கும்போது எஞ்சினை ஏன் நிறுத்துகிறாள் என்று எனக்கு மறுபடியும் கோபம். அப்போதுதான் அவள் மர்ரியைப் பற்றிச் சொன்னாள்.

பாகிஸ்தானில் இஸ்லாமாபாத்துக்கு வடகிழக்கே, 7,000 அடிக்கு மேல் உள்ள மலை நகரம் மர்ரி. 2022 ஜனவரி 7ஆம் திகதி, பனி பார்க்க ஆசைப்பட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கார்களில் ஏறிப் போயிருந்தன. இரவு பெரும் பனி கொட்டியது. மரங்கள் முறிந்து வீதி அடைபட்டது. குளிருக்குக் கண்ணாடிகளை மூடி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். விடிந்தபோது, குழந்தைகள் உட்பட 20க்கும் மேற்பட்டோர் தங்கள் கார்களுக்குள்ளேயே மௌத்தாகிக் கிடந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். குளிர் மட்டும் காரணமல்ல. பனியால் புகைக் குழாய் அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் என்ற வாயு காருக்குள் திரும்பி வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். அதே வருடம் டிசம்பரில், இந்த ஏரிகளின் மறுகரையில் உள்ள அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் வீசிய பனிப்புயலில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களிலும் சிலர் காருக்குள் அகப்பட்டவர்கள்.

அதன் பிறகு நான் வாய் திறக்கவில்லை. கம்பளிக்குள் நால்வரும் ஒட்டிக்கொண்டு பிளேன்டீ குடித்தோம். பேத்தியைத் தூங்க விடாமல் கதை சொன்னேன். நாம் பிரயாணிகள் என்பதால் மஃரிபை இஷாவோடு சேர்த்து வீட்டில் தொழலாம் என்றாள் மகள். இழுவை வண்டி வந்தபோது மணி ஆறரை. சீக்கியச் சகோதரர் ஒருவர். கம்பியை மாட்டி ஐந்து நிமிடத்தில் இழுத்துப் போட்டுவிட்டு, "நாலு சக்கர இழுவை ஜீப்காரர்களைத்தான் அம்மா நான் அதிகம் இழுக்கிறேன்" என்று சிரித்தார். அந்த ஜீப் பனியில் சுலபமாகக் கிளம்பும், ஆனால் நிற்கும்போது மற்றக் கார்களைப் போலத்தான் வழுக்கும். அது தெரியாமல் வேகமாகப் போகிறவர்கள் கானில் கிடக்கிறார்கள்.

இதற்குப் பிறகும் வெளியே போனோமா என்றால், போனோம். பெப்ரவரியில் சிம்கோ ஏரிக்குப் போனோம். 700 சதுர கிலோ மீற்றருக்கு மேல் பரந்த அந்த ஏரி முழுதும் உறைந்து, அதன்மேல் குட்டிக் குட்டிக் குடிசைகள். ஐசில் துளை போட்டு, தூண்டிலை இறக்கி, உள்ளே சிறு அடுப்போடு உட்கார்ந்து மீன் பிடிக்கிறார்கள். தண்ணீர் மேல் கால் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தனியே நடப்பதற்கு ஐஸ் 15 சென்ரிமீற்றரும், பலர் கூடுவதற்கு 20 சென்ரிமீற்றரும் தடிப்பாக இருக்க வேண்டும் என்பது கனேடிய செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிவுரை. கண்ணாடிபோல் கறுத்துத் தெரியும் ஐஸ்தான் பலமானது. பால்போல் வெளுத்தது அதில் பாதிப் பலம்தான். அளந்து பார்த்துச் சொன்ன பிறகே இறங்கினேன். மருமகன் பிடித்த இரண்டு மீனை வீட்டில் புளி போட்டு ஆக்கினோம். நம் ஊர்ப் பாரை மீனின் ருசி அதில் இல்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மார்ச்சில், நான் புறப்படுவதற்கு முன்னைய கிழமை, மேப்பிள் தோட்டம் ஒன்றுக்குப் போனோம். இரவில் உறைந்து பகலில் உருகும் அந்த நாட்களில்தான் மரத்தில் நீர் ஊறும். அடிமரத்தில் துளையிட்டு, சொட்டும் நீரை வாங்கி, 40 லீற்றரைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. பெரிய தட்டத்தில் ஆவி பறக்கக் காய்ச்சுவதைப் பார்த்தபோது நம்மூர்க் கித்துள் பாணி அடுப்படியே கண்முன் வந்தது. சுடச்சுடப் பாணியைப் பனியின் மேல் ஊற்றினார்கள். அது இறுகி மிட்டாயாகியது. பேரன் அதை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்று வேண்டுமென்று கையை நீட்டினான்.

திரும்பும்போது, அவனை நானே ஆசனத்தில் வைத்தேன். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பட்டியை இறுக்கிவிட்டு, மேலே போர்வையைப் போர்த்தினேன். மகள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.