மூக்குத்தியும் தூசியும்

திங்கள்

அப்பத்தாவும் தாத்தாவும் கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் பெரியப்பா வீட்டிலிருந்து வந்துவிட்டது. சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாமல் இருந்ததே பெரிய விஷயம். ஒட்டியிருந்தால் பிரிக்கும்போது முகமும் உரிந்து போயிருக்கும்.

5க்கு 7 அங்குலப் படம். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 3000க்கு 4200, அதாவது ஒன்றேகால் கோடி பிக்சல்களுக்குக் கொஞ்சம் மேல். கறுப்பு வெள்ளைதானே என்று கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்யவில்லை. 48 பிட் கலரிலேயே எடுத்தேன். காரணம் நாளைக்கு.

மென்பொருள் ஜிம்ப். பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் 1995இல் தொடங்கிய வேலை, இன்றும் இலவசம். ஒரேயொரு படத்துக்காக மாதச் சந்தா கட்ட எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்

படத்தில் தாத்தாவின் சட்டையெல்லாம் மஞ்சள் கறை. மஞ்சள் என்பது நீல ஒளியை விழுங்கும் நிறம். அதனால் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களாகப் பிரித்தால் நீலத்தில் கறை கறுப்பாகத் தெரியும், சிவப்பில் ஏறக்குறைய காணாமல் போகும். ஜிம்ப்பில் கலர்ஸ் மெனுவுக்குள் காம்பொனன்ட்ஸ், அதற்குள் டீகம்போஸ். அழுத்தினால் மூன்று சாம்பல் படங்கள் லேயர்களாக வந்து நிற்கின்றன. நீலத்தில் சட்டை முழுக்கத் தேமல், சிவப்பில் வெள்ளைச் சட்டை. மற்ற இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுச் சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டேன். தூரிகையைத் தொடாமலே பாதி வேலை முடிந்துவிட்டது! கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்திருந்தால் இந்த வழியே இருந்திருக்காது.

புதன்

இன்று லெவல்ஸ். படத்தின் ஒளியளவை 0 முதல் 255 வரை வரைபடமாகக் காட்டுகிறது. நம் படத்தில் மேடு நடுவில் மட்டும். இரண்டு ஓரமும் காலி. நல்ல கறுப்பும் இல்லை, நல்ல வெள்ளையும் இல்லை என்று அர்த்தம். இடது முக்கோணத்தை மேடு தொடங்கும் இடத்துக்கும், வலது முக்கோணத்தை முடியும் இடத்துக்கும் நகர்த்தினால் போதும், படம் எழுந்து உட்கார்கிறது. நடு முக்கோணத்தைத் துளி இடப்பக்கம் தள்ளினால் முகம் தெளிகிறது. இதையே 8 பிட்டில் செய்தால் வரைபடம் சீப்பின் பல் மாதிரி இடைவெளி விட்டுப் போகும். 48 பிட் ஸ்கேனில் ஒரு சேனலுக்கு 16 பிட் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

2025இல் வந்த ஜிம்ப் 3.0 பதிப்பில் இந்த மாற்றம் லேயரோடு தனியாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பிறகு எப்போது வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம்.

வெள்ளி

தூசியும் கீறலும். தானாகப் புள்ளி நீக்கும் டீஸ்பெக்கிள் ஃபில்டரை ஓடவிட்டால் அப்பத்தாவின் மூக்குத்தியும் சேர்ந்து மறைகிறது. அதற்கு இரண்டும் வெள்ளைப் புள்ளிதான். கையால் செய்வதைத் தவிர வழியில்லை.

ஹீல் தூரிகை பக்கத்து இடத்தின் இழையை எடுத்து, ஒட்டும் இடத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறது. கன்னத்துக்கு அது சரி. சேலைக்கரை மாதிரி இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் ஓரத்தில் ஈஷிவிடும்; அங்கே அப்படியே நகலெடுக்கும் குளோன்தான். தாத்தாவின் சட்டைப் பையருகே ஓரிடத்தில் படம் பதிந்த எமல்ஷன் பூச்சே உதிர்ந்துவிட்டது. துணிதானே, பக்கத்திலிருந்து கடன் வாங்கலாம். அதுவே கண்ணில் உதிர்ந்திருந்தால் அப்படியே விட்டிருப்பேன். செயலிகள் நொடியில் புதுக் கண் வைத்துத் தருகின்றன, அழகாகவும் இருக்கின்றன. ஆனால் அது யாருடைய கண்?

400 சதவீதம் பெரிதாக்கியபோது அப்பத்தாவின் கண்ணுக்குக் கீழே மெல்லிய வெளிர் கோடுகள். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் நெகட்டிவில் பென்சில் பிடித்துக் கருவளையத்தை மட்டுப்படுத்தியிருக்கிறார். அவர் டச்சிங்கை நான் தொடவில்லை.

ஞாயிறு

ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பு ஒன்று கைவசம். அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். போட்ட கையோடு பெரியப்பாவின் ஃபோன்: “கலர் போட்டுரேன்மா.” சேலை என்ன நிறம் என்று கேட்டேன். மயில்கழுத்துப் பச்சை என்றார். அத்தை குறுக்கே புகுந்து, அரக்கு, பெட்டியில் நானே பார்த்திருக்கிறேன் என்றார். சாம்பலில் இரண்டும் ஒன்றுபோலவே விழக்கூடியவை. படம் எடுத்தபோது இருவருமே பிறக்கவில்லை என்பதை யார் சொல்வது? இரண்டு பேருக்கும் கறுப்பு வெள்ளையிலேயே பிரிண்ட் போட்டு அனுப்பப்போகிறேன்.